கரை தாங்கும் என்று நான் எழுதிக் கொடுத்த தாள்

ஐப்பசி 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய இரண்டு நாள்களும் மழை. அன்று காலை மழை இல்லை, வானம் மூடியிருந்தது.

காலை 5.50: தஞ்சாவூர் வீட்டிலிருந்து புறப்பாடு. தனி ஆள். பெரிய அட்வெஞ்சர் பைக். பெட்ரோலும் பக்கப் பெட்டிகளும் சேர்த்து எடை ஏறக்குறைய இருநூற்று அறுபது கிலோ.

6.35: பாபநாசத்துக்குத் தெற்கே, பாசன வாய்க்காலின் தலைமதகு அருகே வண்டி கரையில் ஏறியது. மதகுப் பணியாளர் பார்த்தார். இருவரும் கையசைத்துக் கொண்டனர்.

6.45 (மதிப்பீடு): மதகிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டரில், முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் அடைத்துச் சக்கரம் நின்றது. வண்டி நீர்ப்பக்கச் சரிவில் சாய்ந்து வாய்க்காலுக்குள் இறங்கியது. ஓட்டியவரின் இடது கால் பெட்டிக்கு அடியில் சிக்கியது.

6.57: களை எடுக்க வந்த பெண்கள் மூவர் கண்டு, தண்ணீரில் இறங்கினர். வண்டி அசையவில்லை.

7.20: டிராக்டரும் கயிறும் வந்தன. வண்டி வெளியே இழுக்கப்பட்டது.

7.55: மருத்துவமனை. உயிர் இல்லை, நீரில் மூழ்கியதே காரணம் என்று மருத்துவர் எழுதினார்.

வாய்க்காலில் நீர்: இரண்டே முக்கால் அடி. கரையில் பதிந்த தடத்தின் ஆழம்: இரண்டு விரற்கடை. கரைக்குச் சேதம்: இல்லை.

ஓட்டியவர்: முகுந்தன், வயது முப்பத்தொன்று. என் மகன்.

இந்தக் குறிப்பை எழுதியவன் நான். பாசனப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இப்படித்தான் எழுதினேன்: நேரம், இடம், அளவு, சேதம். வேறு விதமாக எழுத முயன்று பார்த்தேன், இயலவில்லை.

கார்த்திகைக் கடைசியில், பாபநாசம் பகுதியின் இப்போதைய உதவிப் பொறியாளர் வளர்மதி தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வுபெற்ற ஆண்டில் பணியில் சேர்ந்தவர்.

"சார், நல்லா இருக்கீங்களா... இல்ல, அப்படிக் கேக்கக் கூடாது. சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பிட்டேன். சொல்லுங்க."

"ஒரு விண்ணப்பம் வந்திருக்கு. முகுந்தனோட ஃபிரண்ட்ஸ் கொடுத்திருக்காங்க. மார்கழி மூணாவது ஞாயிறு, அதே கரையில முப்பது வண்டி. அவர் நினைவா ஒரு ரைடாம்."

"அனுமதி தர வேண்டாம்."

"அதுலதான் சார் சிக்கல். விண்ணப்பத்தோட ஒரு தாள் இணைச்சிருக்காங்க. 'அனுபவமுள்ள பொறியாளரின் கருத்து'ன்னு மேல எழுதியிருக்கு. கீழ இருக்கறது உங்க கையெழுத்து."

அந்தத் தாளை நான் திரும்பப் பெற வேண்டும். மார்கழி மூன்றாவது ஞாயிற்றுக்குள் பெற வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை. பழைய கதைகளை எழுதச் சொல்லி ஓய்வுபெற்ற பொறியாளர்களான நம் சங்க இதழில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். தட்டிக் கழித்து வந்தேன். இப்போது சில பழைய கதைகளைச் சொல்லாமல் அந்தத் தாளை விளக்க முடியாது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மண்ணியலில் முதுநிலைப் பட்டம் பெற்றேன். ஈரக் களிமண் எவ்வளவு எடை தாங்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில், உள்ளங்கை அகல உருளைகளாக்கி நசுக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த அறிவோடும், மாமனார் வாங்கிக் கொடுத்த சிறிய மோட்டார் சைக்கிளோடும் பாபநாசத்தில் வந்து இறங்கினேன்.

என் முதல் மேலதிகாரி சவரிமுத்து, உதவி செயற்பொறியாளர். ஐம்பது வயதைத் தாண்டியவர், மெலிந்த உடல். தமக்குக் கீழே வேலை செய்பவர்களையும் "ஐயா" என்றே அழைப்பார். கரையில் ஏறியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். ஏன் என்று கேட்டதற்கு, "கால் சொல்லுறத ஷூ சொல்லாதுங்க ஐயா" என்றார். ஆய்வுக் குறிப்பைக் காலையில் பென்சிலில் எழுதுவார். மாலையில் அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்த பிறகே அதன் மேல் மையால் எழுதுவார். பென்சிலுக்கும் மைக்கும் இடையே ஒரு சொல் மாறினாலும், மாறிய காரணத்தை ஓரத்தில் குறித்துவைப்பார்.

நான் சேர்ந்த மூன்றாம் நாள், ஐப்பசி முதல் வாரம். மழைக்காலக் கரைக் காவல் தொடங்கும் நேரம். சவரிமுத்து சார் என்னை ஒரு கிளை வாய்க்காலுக்கு அழைத்துச் சென்றார். கோவிந்தராசு என்ற லஸ்கரும் கூட வந்தார். மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் கடைநிலைப் பணியாளரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். முதல் நாள் மழையில் நீர்ப்பக்கச் சரிவு வழவழவென்று இருந்தது.

"வண்டிய இந்தச் சரிவுல படுக்க வையுங்க ஐயா" என்றார் சவரிமுத்து சார்.

எனக்குப் புரியவில்லை. கோவிந்தராசு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வண்டிக்கு ஒடம்பு சரியில்லீங்களாம் சார். செத்த நேரம் படுக்கட்டும்" என்றார்.

படுக்க வைத்தேன். சக்கரங்கள் மேட்டுப் பக்கமும் இருக்கை தண்ணீர்ப் பக்கமுமாக வண்டி கிடந்தது.

"இப்பத் தூக்குங்க. நாங்க யாரும் கை குடுக்க மாட்டோம்."

கைப்பிடியைப் பற்றி இழுத்தேன். கால் வழுக்கி முட்டியளவு தண்ணீருக்குள் போனேன். மறுபடி முயன்றேன், மறுபடி போனேன். புது முழுக்கால் சட்டை முழுவதும் சேறு. மூன்றாவது முறை அவர் வாய் திறந்தார்.

"தூக்காதீங்க ஐயா. மொதல்ல சுத்துங்க. சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரட்டும்."

முன்பக்கத்தைப் பிடித்து, சேற்றின் வழுக்கலையே துணையாகக் கொண்டு, படுத்த நிலையிலேயே வண்டியை அரைவட்டம் சுழற்றினேன். சக்கரங்கள் கீழே வந்தன. பிறகு இருக்கையில் முதுகைக் கொடுத்து, குதிகாலை ஊன்றிப் பின்னோக்கித் தள்ளினேன். வண்டி எழுந்தது. அதன் எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல்.

"கரையில நாம தனி ஆளு ஐயா" என்றார் அவர். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. அன்று மாலை அலுவலகப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே மையால் எழுதினார்: 'வண்டி தூக்கினார்.' அவர் பொறுப்பில் இருந்தவரை ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒவ்வொருவருக்கும் இது நடந்தது. ஓர் ஆண்டு, புதிதாக மாற்றலாகி வந்த பணி ஆய்வாளர் ஒருவர் கனத்த வண்டி வைத்திருந்தார், தூக்க முடியவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அவர் மிதிவண்டியில் கரை பார்த்தார். அவர் மனம் வருந்தியது, பதிவேடு மாறவில்லை.

கரையில் வண்டி ஓட்டியவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு மயக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். சம்பா பயிர் முழங்கால் உயரம் வந்திருக்கும் காலையில், இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் தண்ணீர் நிற்கும் வயல். இரண்டிலும் ஒரே வானம். நடுவில் எட்டடி அகல மண் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். வேகம் இருபதைத் தாண்டாது. வண்டியின் ஓசை எதிலும் பட்டுத் திரும்புவதில்லை. சற்று நேரத்தில் அது காதை விட்டு நீங்கிவிடும். கொக்குகள் எழுந்து முன்னால் பறந்து, முன்னாலேயே இறங்கி, நாம் நெருங்கியதும் மறுபடி எழும். ஓடுவது வண்டியா, வாய்க்காலா, வயலா என்ற உணர்வு மங்கிவிடும். கண் திறந்திருக்க, மனம் மட்டும் உறங்கும். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் மிக அமைதியாக இருந்த நேரங்கள் அவை. முகுந்தன் எட்டு வயதில் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து அப்படி என்னோடு வந்திருக்கிறான். இறங்கியதும் ஒருமுறை, "நாம எங்கப்பா போனோம்?" என்று கேட்டான். கீழ்மடை வரை போய் வந்தோம் என்றேன். "இல்ல, நடுவுல" என்றான்.

கீழ்வேளூரில் பணியாற்றியபோது அந்த மயக்கத்தால் எனக்கே விபத்து நேர்ந்தது. கடைமடைப் பகுதி, தொடர் மழை. ஒரு வடிகாலின் கரை கசிகிறது என்று தகவல் வந்து, தனியாகப் போனேன். அந்த ஊர்க் களிமண் சக்கரத்தோடு ஏறி மட்கார்டுக்கு அடியில் அடைத்துக்கொள்ளும். நூறு அடிக்கு ஒருமுறை நிறுத்திக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். அன்று மயக்கத்தில் நிறுத்த மறந்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டது. அடுத்த கணம் மார்பளவு தண்ணீரில் கிடந்தேன். வலது கால் மீது வண்டி. பயப்பட நேரம் இருக்கவில்லை. இடது காலை இருக்கையில் உதைத்துத் தள்ளினேன்; வண்டி ஒரு சாண் நகர்ந்தது; கால் வந்தது. சுழற்றினேன், முதுகு கொடுத்தேன், தூக்கினேன். கசிவைப் பார்த்து, மணல் மூட்டைக்கு ஆள் அனுப்பிவிட்டு வீடு திரும்பினேன்.

அதை வீட்டில் வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கெண்டைக் குஞ்சு விழுந்தது என்று சேர்த்துக்கொண்டேன், அது உண்மையல்ல. என் மனைவி பத்மாவும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் விருந்தினர் வந்தபோதெல்லாம், சவரிமுத்து சார் வண்டியைப் படுக்க வைத்த கதையும் இதுவும் சேர்ந்தே சொல்லப்பட்டன. சொல்லச் சொல்ல மீன் பெரிதாயிற்று. வண்டியின் எடை கதையிலிருந்து மறைந்துபோயிற்று.

நான் செயற்பொறியாளர் ஆனபோது அந்த ஐப்பசி வழக்கத்தை நிறுத்தினேன். ஜீப் வந்துவிட்டது, கைப்பேசி வந்துவிட்டது. படித்த பொறியாளர்களைச் சேற்றில் உருளச் சொல்வது கண்ணியக் குறைவு என்று நினைத்தேன். எவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

முகுந்தன் பெங்களூரில் வேலை பார்த்தான். அந்தப் பெரிய வண்டியைச் சென்ற ஆண்டு வாங்கினான். வைகாசியில் அதில் வீட்டுக்கு வந்தபோது தெரு மக்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டு ஹமீது பாய், "தம்பி, இதுக்கு ஏணி தனியா வாங்கணுமா?" என்று கேட்டார்.

வண்டியைப் பற்றி நியாயமாகவே எழுத வேண்டும். அது நல்ல வண்டி. மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்ளும் நீண்ட ஸ்பிரிங்குகள், குறைந்த வேகத்திலும் திணறாத இன்ஜின், சக்கரம் வழுக்கினால் விசையைத் தானே குறைக்கும் மின்னணு அமைப்பு. மலைப்பாதைச் சரளையில், வறண்ட நாட்டு மணலில், நாளொன்றுக்கு நானூறு கிலோமீட்டர் போய் நடுவே முப்பது கிலோமீட்டர் மண்பாதை வந்தால், அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. அவன் அப்படிப் பல இடங்களுக்குப் போய் வந்திருந்தான்.

"ஆஃப்-ரோடுக்கே செஞ்ச வண்டிப்பா இது. நம்ம வாய்க்கால் கரையில ஓடுமா? எங்க குரூப்ல ஒரே சண்டை. பெரிய வண்டி ரோட்டுக்குத்தான் லாயக்குன்னு பாதிப் பேரு சொல்றான். நீங்க சொல்லுங்க. உங்க கரை."

மகன் தொழில் சார்ந்து என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. மகிழ்ந்தேன். பதிலை வாயால் சொல்லாமல், மேசையில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் கணக்கிட்டேன். ஓட்டுபவரோடு மொத்த எடை, சக்கரத்துக்கு எவ்வளவு, டயர் மண்ணில் படும் பரப்பு, அழுத்தம். எதிர்ப்பக்கத்தில் நனைந்த களிமண்ணின் தாங்குதிறன். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரும் டிரெய்லரும் அதே கரையில் போகின்றன, அதனுடன் ஒப்பிட்டேன். கடைசியில் எழுதினேன்: 'கரையின் மேலகலம் எட்டு அடி. உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் கரை இவ்வண்டியைத் தாங்கும். செல்லத் தகும்.' கையெழுத்திட்டேன். மையால்.

அவன் அதைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினான். "எங்கப்பா கணக்குப் போட்டுட்டாரு, முடிஞ்சுது" என்று சிரித்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் அந்த இடத்துக்குப் போனேன். தடத்தை அளந்தேன். இரண்டு விரற்கடை. கரை தாங்கியிருந்தது. என் கணக்கில் பிழை இல்லை. வீட்டுக்கு வந்து பத்மாவிடம் அதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லத் தகுந்த செய்தி என்று அப்போது தோன்றியது.

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்:

"சவரிமுத்து சார் உங்கள வண்டியப் படுக்க வச்சுத் தூக்கச் சொன்னாரே. நீங்க இவனத் தூக்கச் சொன்னீங்களா?"

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

வளர்மதி அழைத்த அன்று மாலையே முகுந்தனின் நண்பன் அஷ்ரஃபிடம் பேசினேன். திருவாரூர்ப் பிள்ளை, விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து அவனுடையது.

"அந்தப் பயணம் வேண்டாம்ப்பா" என்றேன்.

"அப்பா, நாங்க மெதுவாத்தான் வருவோம். கொடி, சத்தம் எதுவும் இல்ல. அவனுக்காகத்தான்."

"தெரியும். உங்க வண்டி ஒண்ணு சரிவுல சாஞ்சா, ஓட்டுற ஆளு தனியாத் தூக்க முடியுமா?"

"முகுந்தன் தூக்குவான்ப்பா. பந்தயம் கட்டிப் பெட்ரோல் பங்குல படுக்க வச்சுத் தூக்கிக் காட்டியிருக்கான். எங்கள்ல அவன் ஒருத்தன்தான் தூக்குவான்."

"பங்குல சிமென்ட் தரை."

"ஆமாப்பா."

"சமதரை. சரிவுல விழுந்தா சக்கரம் மேட்டுப் பக்கம் போயிடும். மொதல்ல வண்டியச் சுத்தணும். அவனுக்கு அது தெரியுமா?"



"அதுல சுத்தறதுன்னு ஒண்ணு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதுப்பா" என்றான். பிறகு, "நான் குரூப்ல சொல்றேன். ஆனா நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க. பயந்துட்டான்னு ஓட்டுவாங்க. உங்க தாள்தான் எல்லார் ஃபோன்லயும் இருக்கு. நீங்கதான் மாத்தி எழுதணும்."

எனவே மாற்றி எழுதுகிறேன்.

பெரிய அட்வெஞ்சர் பைக் சாலையில்லா வழிகளுக்கு ஏற்றதா என்றால், எந்த வழி என்று முதலில் கேட்க வேண்டும். உலர்ந்த, அகன்ற, துணைக்கு ஆள் உள்ள வழிகளுக்கு ஏற்றது. காவிரிப் பாசனக் கரைகளுக்கு, தண்ணீர் ஓடும் மாதங்களில், ஏற்றதல்ல. கரை தாங்கும் என்பது போதுமான காரணம் ஆகாது. ஈரச் சரிவில், சக்கரம் மேட்டுப் பக்கம் இருக்க விழுந்த வண்டியை, ஓட்டுபவர் தனியாகச் சுழற்றித் தூக்க முடியுமா என்பதே அளவுகோல். நான் பார்த்தவரை நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோவுக்கு மேல் அது நடந்ததில்லை. அன்று மூன்று பேர் சேர்ந்தும் இருநூற்று அறுபது கிலோவைச் சுழற்ற முடியவில்லை.

சென்ற வைகாசியில் என் கையெழுத்தோடு வெளியான கருத்தில் கரையை மட்டுமே கணக்கிட்டேன், ஓட்டுபவரைக் கணக்கிடவில்லை. அதை இதனால் முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். அதன் அடிப்படையில் எவரும் எந்தக் கரையிலும் ஏற வேண்டாம். பொறுப்பு என்னுடையது.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

1. மேலேயுள்ள பத்தியைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வளர்மதிக்கு ஒரு படியும் அஷ்ரஃபின் குழுவுக்கு ஒரு படமும் அனுப்புவது. வியாழனுக்குள்.

2. தண்ணீரில் இறங்கிய மூன்று பெண்களைப் பார்த்து வருவது. ஒருவர் பெயர் செல்வி. மற்ற இருவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. மதகுப் பணியாளர், தாம் அன்று தடுத்திருக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறாராம். பிழை அவருடையது அல்ல என்று நேரில் சொல்வது.

4. ஐப்பசி வழக்கத்தை மீண்டும் தொடங்கும்படி இப்போதைய அதிகாரிகளுக்கு எழுதுவது. அதை நிறுத்தியவர் யார் என்பதையும் குறிப்பிடுவது.

5. வண்டி காவல் நிலைய வளாகத்தில் நிற்கிறது. முன்சக்கரத்து மண்ணை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

6. பத்மா கேட்ட கேள்விக்கு, தூக்கச் சொல்லவில்லை என்று அவளிடம் வாய் திறந்து சொல்வது.